சத்தத்துக்கு எழாத பிள்ளை

ரத்தின சபையைப் பார்க்க வேண்டும் என்பது என் அத்தைக்கு வெகு நாளைய ஆசை. சிதம்பரம், மதுரை, திருநெல்வேலி, குற்றாலம் என்று நடராஜரின் ஐந்து சபைகளில் நாலைப் பார்த்துவிட்டு வந்தவளுக்கு, சென்னைக்கு வெகு சமீபத்தில் இருக்கும் திருவாலங்காட்டுக்குப் போக மட்டும் வேளை வரவில்லை. பக்கத்தில் இருக்கும் கோயில் எப்போதும் அப்படித்தான். "எப்போது வேண்டுமானாலும் போகலாம்" என்று நினைத்து நினைத்தே போகாமல் இருந்துவிடுவோம்.

போன மார்கழித் திருவாதிரைக்கு ஒரு வழியாகக் கிளம்பினோம். அத்தை, நான், என் எட்டு வயதுப் பெண் ஆக மூன்று பேர். அரக்கோணம் போகும் ரயிலில் ஏறித் திருவாலங்காடு ஸ்டேஷனில் இறங்கி, ஆட்டோ பிடித்துக் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது நன்றாக இருட்டிவிட்டது. திருத்தணிப் பக்கத்து ஜனங்கள், ஆந்திராவிலிருந்து வந்தவர்கள், சென்னையிலிருந்து வந்தவர்கள் என்று கோயில் நிறையக் கூட்டம். தமிழும் தெலுங்கும் கலந்து காதில் விழுந்தன.

காலைச் செங்குத்தாகத் தூக்கி ஊர்த்துவ தாண்டவம் ஆடும் ஸ்வாமியின் அடியில் அமர்ந்து காரைக்கால் அம்மையார் பாடிக்கொண்டிருப்பதாக இந்த ஊர் ஐதீகம். அம்மையார் இந்தத் தலத்தைப் பற்றிப் பாடிய பதிகம் ஒன்றில் பழந்தமிழ்ச் சுரங்களின் பெயர்களும் வாத்தியங்களின் பெயர்களும் வரிசையாக வருகின்றன. அப்படிச் சத்தத்துக்கென்றே ஏற்பட்ட ஸ்தலத்தில், அபிஷேக நேரத்தில் எப்படி இருக்கும் என்று கேட்க வேண்டுமா? நாதஸ்வரம், தவில், சங்கு, மணி எல்லாம் ஒன்றாக முழங்கின. என் பெண் தலையின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்த வட்டத்தையும் காதுக்குப் பின்னால் மாட்டியிருந்த கருவியையும் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, "காதைக் கழற்றிவிட்டேன், அம்மா. சத்தம் ஜாஸ்தி" என்றாள். அவளுக்கு அந்த வசதி உண்டு.

அப்போதுதான் பக்கத்தில் விரித்திருந்த ஜமக்காளத்தைப் பார்த்தேன். ஒன்றரை வயது தாண்டிய ஆண் குழந்தை ஒன்று அதில் கை கால்களைப் பரப்பிக்கொண்டு தூங்கியது. நாலடி தூரத்தில் தவில்காரர் வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தார். அதன் இமை கூட அசையவில்லை.

குழந்தைக்குப் பக்கத்தில் ஒரு பாட்டியம்மாளும், இருபத்திரண்டு வயது மதிக்கத்தக்க ஒரு பெண்ணும் உட்கார்ந்திருந்தார்கள்.

"என்ன ஆயா, பிள்ளை இத்தனை சத்தத்திலும் இப்படித் தூங்குகிறானே!" என்றேன்.

பாட்டியின் முகம் பூரித்துப் போயிற்று. "தங்கமான பிள்ளைம்மா! இடி இடிச்சாலும் எழுந்திருக்க மாட்டான். எங்க வீட்டில நாலு பவர் லூம் ஓடுது. வயித்தில இருக்கும்போதே தறிச் சத்தத்தில பழகினவன்" என்றாள்.

எனக்கு அடிவயிற்றில் சிலீர் என்றது. 'தங்கமான பிள்ளை' என்ற அந்த வார்த்தையை நானும் ஒரு காலத்தில் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவள்தான்.

என் பெண் கைக்குழந்தையாக இருந்தபோது எங்கள் தெருவில் அவளுக்கு ரொம்ப நல்ல பெயர். தீபாவளிப் பட்டாசுக்கு மற்ற வீட்டுக் குழந்தைகள் எல்லாம் வீறிட, இவள் மட்டும் நிம்மதியாகத் தூங்கினாள். "கொடுத்து வைத்தவள் நீ" என்று அக்கம்பக்கத்தார் சொன்னார்கள். நானும் பெருமைப்பட்டேன். மூன்றாம் மாதத்தில் 'ங்கா' கொட்டினாள், வாய்விட்டுச் சிரித்தாள். ஆகையால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஒரு வயது முடிந்தும் 'அம்மா' வரவில்லை. மாமியார், "இவன் கூட நாலு வயதில்தான் பேசினான்" என்று என் கணவரைக் காட்டினார். ஒன்றரை வயதில் ஒரு டாக்டரிடம் போனோம். அவர் முகத்துக்கு நேரே கையைத் தட்டிப் பார்த்தார். குழந்தை கண்ணைக் கொட்டினாள். "காதெல்லாம் சரியாக இருக்கிறது. சில குழந்தைகளுக்குப் பேச்சு தாமதமாகத்தான் வரும். பொறுங்கள்" என்றார். பொறுத்தோம். முறையான பரிசோதனைக்குப் போனபோது அவளுக்கு இரண்டு வயது ஏழு மாதம் ஆகியிருந்தது. இரண்டு காதும் கேட்கவில்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

முப்பத்தொரு மாதம் அவளுக்குத் தாலாட்டுப் பாடியிருக்கிறேன். ஒன்று கூட அவளுக்குப் போய்ச் சேரவில்லை. பட்டப் படிப்புப் படித்து, பத்திரிகையில் குழந்தை வளர்ப்புப் பற்றிப் பத்தி பத்தியாக எழுதியவள் நான்!

இதையெல்லாம் நினைத்துக்கொண்டு, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல், "ஆயா, பிள்ளைக்குக் காது டெஸ்ட் எடுத்தீர்களா?" என்று கேட்டுவிட்டேன்.

பாட்டிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "இன்னாம்மா பேச்சு இது? நல்ல நாளும் அதுவுமா, சாமி சன்னிதியில வந்து என் பேரனைச் செவிடுன்றியே! மூஞ்சிக்கு எதிரே கூப்பிட்டா எப்படிச் சிரிக்கிறான் தெரியுமா?" என்று குழந்தையை வாரித் தோளில் போட்டுக்கொண்டு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தாள். அத்தை என் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்து, "உனக்கு எதற்கடி ஊர் வம்பு?" என்று அதட்டினாள். அந்த இளம் பெண் மட்டும் ஒன்றும் பேசவில்லை. என் பெண்ணின் தலையையும் என் கையிலிருந்த கருவியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பொழுது விடிந்தது. கோயிலுக்கு வெளியே ஒரு டீக்கடையில் அத்தைக்குக் காப்பி வாங்கிக்கொண்டிருந்தேன். "அக்கா" என்று யாரோ மெல்லக் கூப்பிட்டார்கள். இடுப்பில் குழந்தையோடு அந்தப் பெண் நின்றாள்.

"எனக்கும் ரொம்ப நாளா சந்தேகம்தான் அக்கா. தட்டைத் தட்டிப் பார்த்தேன். திரும்பினான். ஆனா பின்னாடி நின்னு பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்பவே மாட்டேங்குறான். எது நிஜம்னு புரியலை" என்றாள்.

தட்டும் கரண்டியும் வைத்து நம் வீடுகளில் செய்யும் பரிசோதனை எப்படி ஏமாற்றும் என்பதைச் சொன்னேன். குழந்தைக்குக் காது கேட்காவிட்டாலும் கண் வெகு கூர்மை. கை அசைந்த நிழல் தெரியும், தட்டு விழுந்த அதிர்ச்சி தரையில் தெரியும், கை தட்டினால் முகத்தில் காற்றுப் படும். அது போதும், திரும்பிவிடும். தவிர, எல்லாக் குழந்தைக்கும் முழுச் செவிடு என்பதில்லை. சில குழந்தைகளுக்குத் தவில் கேட்கும், 'ச', 'ப', 'க' போன்ற மெல்லிய ஓசைகள் கேட்கா. சத்தம் கேட்கிறதே என்று நாம் நிம்மதியாக இருப்போம். குழந்தைக்கோ பேச்சு, தண்ணீருக்குள்ளிருந்து யாரோ பேசுவது போல இருக்கும்.

அவள் சிறிது நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு கண்ணில் நீர் தளும்ப, "எனக்கு மட்டும் ஏன் அக்கா இப்படி?" என்றாள்.

நானும் இதே கேள்வியைக் கேட்டவள்தான். எந்த ஜன்மத்துப் பாவம் என்று கோயில் கோயிலாகச் சுற்றியவள்தான். அதற்குச் சரியான பதில் ஒரு கணக்கில் இருக்கிறது என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. வாசக சகோதரிகளும் அந்தக் கணக்கைக் கொஞ்சம் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஒன்று அல்லது இரண்டுக்கு இரண்டு காதிலும் நிரந்தரமான கேள்விக் குறை இருக்கிறது. பணக்கார தேசங்களிலும் கணக்கு இதுதான். நம் நாட்டு ஆஸ்பத்திரிகளில் பல இடங்களில் இதைவிட அதிகமாகவே தெரிகிறது. பிறந்தவுடன் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காப்பாற்றப்பட்ட குழந்தைகளிடையே இது பல மடங்கு. அதோடு முடிந்துவிடவும் இல்லை. பிரிட்டனில் எடுத்து 2001-ஆம் ஆண்டில் வெளியான ஒரு கணக்கில், மூன்று வயதில் ஆயிரத்துக்கு ஒன்று என்று இருந்தது, ஒன்பது வயதுக்குள் ஆயிரத்துக்கு இரண்டாகியிருந்தது. பிறக்கும்போது நன்றாக இருந்து பிறகு கேள்வி குறைகிற குழந்தைகளும் உண்டு என்று அர்த்தம். உலகம் முழுவதும் 3 கோடியே 40 லட்சம் குழந்தைகள் வாழ்க்கையைப் பாதிக்கும் அளவுக்குக் காது கேளாமல் இருப்பதாக உலக சுகாதார ஸ்தாபனம் சொல்கிறது.

நம் தமிழ்நாட்டில் வருஷத்துக்கு எட்டு லட்சத்திலிருந்து ஒன்பது லட்சம் குழந்தைகள் பிறக்கின்றன. நீங்களே பெருக்கிப் பாருங்கள். ஒவ்வொரு நாளும் இரண்டிலிருந்து ஐந்து வீடுகளில், தாலாட்டைக் கேட்காத ஒரு குழந்தை தொட்டிலில் கிடக்கிறது. பெரும்பாலான வீடுகளில் அது யாருக்கும் தெரிவதில்லை. நொண்டினால் தெரியும், பார்வை இல்லாவிட்டாலும் சீக்கிரம் தெரிந்துவிடும். காதுக் குறை முகத்தில் எழுதி ஒட்டியிருப்பதில்லை. அதனால்தான் இத்தனை சகஜமான ஒன்று, வந்த வீட்டுக்கு மட்டும் உலகத்திலேயே இல்லாத அதிசயமாகத் தோன்றுகிறது.

"உனக்கு மட்டும் இல்லையம்மா. இன்றைக்குக் காலையில் இதே ஆகாயத்தின் கீழே உன்னைப் போல எத்தனையோ பேர் இருக்கிறார்கள்" என்றேன்.

அவள் தயங்கித் தயங்கி இன்னொன்றும் கேட்டாள். "நான் தாய்மாமனைத்தான் கட்டியிருக்கேன். அந்த ஆயாதான் எனக்கு மாமியார், எங்கம்மாவைப் பெத்தவங்களும் அவங்கதான். சொந்தத்தில கட்டினதாலயா?"

பொய் சொல்ல மனம் வரவில்லை. பிறவிக் கேளாமையில் ஏறத்தாழப் பாதி பரம்பரைக் கூறுகளால் வருவது. தாய் தகப்பன் இருவரிடமும் ஒரே குறை வெளியில் தெரியாமல் ஒளிந்திருந்து, இரண்டும் குழந்தையிடம் சேர்ந்தால் காது கேட்பதில்லை. ஒரே குடும்பத்தில் அப்படிச் சேர்வதற்குச் சந்தர்ப்பம் ஜாஸ்தி. தமிழ்நாட்டில் கால்வாசிக் கல்யாணங்களுக்கு மேல் இன்னும் உறவுக்குள்ளேதான் நடக்கின்றன. ஆனால் என்னுடையது அசலில் கொடுத்த கல்யாணம். எனக்கும் இப்படித்தான் பிறந்தது. காது கேளாத குழந்தைகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல், காது நன்றாகக் கேட்கிற தாய் தகப்பனுக்குப் பிறந்தவர்களே. ஆகையால் யாரையும் குற்றம் சொல்லிப் பிரயோஜனமில்லை. அடுத்த சம்பந்தம் பேசும்போது யோசித்தால் போதும்.

மற்றக் காரணங்களில் தடுக்கக் கூடியவை நிறைய இருக்கின்றன. குழந்தைகளின் கேள்விக் குறையில் நூற்றுக்கு 60 தடுக்கக் கூடியது என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்கு. கர்ப்பிணிக்கு முதல் மாதங்களில் ரூபெல்லா என்ற லேசான அம்மை கண்டால் தாய்க்கு இரண்டு நாள் ஜுரத்தோடு போய்விடும். குழந்தையின் கண்ணையும் காதையும் அது பறித்துவிடும். ஆஸ்திரேலியாவில் நார்மன் கிரெக் என்ற கண் டாக்டர் 1941-ஆம் ஆண்டில், தம்மிடம் வந்த கைக்குழந்தைகளின் கண் புரைக்கும் தாய்மாருக்கு வந்த அம்மைக்கும் உள்ள சம்பந்தத்தை எடுத்துக் காட்டினார். காதும் போகிறது என்பது அதற்குப் பிறகு வெளிப்பட்டது. இன்று அதற்கு ஊசி இருக்கிறது. 2017 பிப்ரவரியில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி இயக்கம் தேசத்தில் முதலில் ஆரம்பித்த இடங்களில் தமிழ்நாடும் ஒன்று. பிறந்த குழந்தைக்குக் கடுமையாக ஏறும் மஞ்சள் காமாலை, மூளை உறையைத் தாக்கும் ஜுரம், பொன்னுக்கு வீங்கி, சில கடுமையான ஊசி மருந்துகள் இவையும் காதைக் கெடுக்கலாம். ஓயாத பெரிய இரைச்சலும் அப்படியே. தொட்டிலைத் தறிக்குப் பக்கத்தில் கட்டுவது நல்லதல்ல என்று அந்தப் பெண்ணிடம் இதமாகச் சொன்னேன்.

நிரந்தரம் என்று ஏன் சொல்கிறார்கள் தெரியுமா? நத்தைக் கூடு போலச் சுருண்டிருக்கும் உட்காதில் சுமார் பதினையாயிரம் நுண்ணிய மயிர்ச் செல்கள் இருக்கின்றன. ஓசையை நரம்புக்குச் சொல்லுகிறவை அவைதாம். தலைமுடி உதிர்ந்தால் முளைக்கும். இவை போனால் முளைப்பதில்லை. அழுக்கு அடைத்தாலோ, சளி பிடித்து நடுக்காதில் நீர் கோத்தாலோ வரும் குறை வேறு; அது வைத்தியத்தில் சரியாகிவிடும். எது எது என்று வீட்டில் கண்டுபிடிக்க முடியாது. காதில் எண்ணெயைக் காய்ச்சி ஊற்றுவதால் எதுவும் சரியாகப் போவதில்லை, கெடுதல்தான்.

பரிசோதனையோ வெகு சுலபம். நன்றாக இருக்கும் உட்காது, ஓசையைக் கேட்டதும் தானும் ஒரு மெல்லிய எதிரொலி எழுப்புகிறது. டேவிட் கெம்ப் என்ற ஆங்கில விஞ்ஞானி 1978-ஆம் ஆண்டில் இதை நிரூபித்தார். குழந்தையின் காதில் சின்னத் தக்கை மாதிரி ஒன்றை வைத்து அந்த எதிரொலி வருகிறதா என்று பார்ப்பார்கள். தூங்குகிற குழந்தையை எழுப்ப வேண்டாம், ஊசி கிடையாது, சில நிமிஷ வேலை. அதில் சந்தேகம் வந்தால் 'பெரா' என்று ஒரு சோதனை. தலையில் ஒயர்களை ஒட்டி, ஓசை மூளை வரை போய்ச் சேருகிறதா என்று பார்ப்பது. முதல் மாதத்துக்குள் முதல் சோதனை, மூன்றாம் மாதத்துக்குள் முடிவு, ஆறாம் மாதத்துக்குள் சிகிச்சை என்பது உலகமெங்கும் டாக்டர்கள் சொல்லும் விதி. ஒன்று, மூன்று, ஆறு. சீமந்தத்துக்குப் போகிறவர்கள் வளையலோடு இந்த மூன்று எண்களையும் கொடுத்துவிட்டு வரலாம்.

ஏன் இந்த அவசரம்? பேச்சைப் பிடித்துக்கொள்ளும் பருவம் ஆரம்ப வருஷங்கள்தாம். அந்தக் கதவு நாளாக நாளாகச் சாத்திக்கொண்டே வருகிறது. ஆறு மாதத்தில் குழந்தை ஓசை வந்த பக்கம் திரும்ப வேண்டும். பத்து மாதத்துக்குள் 'தாத்தா, பாபா' என்று மழலை கொட்ட வேண்டும். 'ங்கா' கேட்டு ஏமாறாதீர்கள்; காது கேளாத குழந்தையும் 'ங்கா' சொல்லும். அதற்கு அடுத்த மழலைதான் வராது. முதல் சோதனையில் தேறிய குழந்தை என்றாலும் கவனத்தை விட்டுவிடக் கூடாது.

"கண்டுபிடித்தால் என்ன செய்வாங்க அக்கா?" என்றாள் அந்தப் பெண்.

என் பெண்ணைக் கூப்பிட்டேன். அவள் தன் 'காதை' மாட்டிக்கொண்டு ஓடி வந்தாள். "பாப்பா பேர் என்ன?" என்று கேட்டாள், கொஞ்சம் மழுங்கிய உச்சரிப்பில். அந்தப் பெண் ஆச்சரியத்தில் பதில் சொல்லவே மறந்துவிட்டாள்.

குறை கொஞ்சம் என்றால் காதுக் கருவி போதும். ரொம்ப என்றால் உட்காதில் மெல்லிய கம்பியை வைத்து நரம்புக்கு நேராகவே ஓசையைச் சொல்லும் 'காக்ளியர்' ஆபரேஷன். என் கல்யாண வளையல்கள் அதில் கரைந்தன. ஆனால் ஏழைக் குடும்பங்கள் அதை எண்ணிப் பயப்பட வேண்டியதில்லை. முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இந்த ஆபரேஷனைச் செய்கிறார்கள். 2013 முதல் அங்கன்வாடிகளுக்கும் அரசாங்கப் பள்ளிகளுக்கும் வரும் டாக்டர் குழுக்கள் பார்க்க வேண்டிய குறைகளில் காதும் ஒன்று.

ஆபரேஷன் முடிந்ததும் குழந்தை மடமடவென்று பேசிவிடும் என்று நினைக்கக் கூடாது. பிறகுதான் அம்மாவின் வேலை ஆரம்பம். தண்ணீர் ஊற்றினால் "தண்ணீர்", கதவைத் திறந்தால் "கதவு" என்று வருஷக்கணக்கில் வாய் ஓயாமல் சொல்ல வேண்டும். சென்னையில் 1969-ஆம் ஆண்டில் சரஸ்வதி நாராயணசுவாமி, வள்ளி அண்ணாமலை என்ற இரண்டு பெண்மணிகள் ஆரம்பித்த பால வித்யாலயா போன்ற பள்ளிகள் இந்த வேலையைத் தாய்மாருக்கும் கற்றுக்கொடுத்து வந்திருக்கின்றன. பேச்சு வராத குழந்தைகளுக்குச் சைகை பாஷை இருக்கிறது. அதுவும் இலக்கணம் உள்ள முழுமையான பாஷையே. எந்த வழியானாலும் சீக்கிரம் ஆரம்பிக்க வேண்டும், அவ்வளவுதான்.

தூரத்தில் பாட்டி தேடிக்கொண்டு வருவது தெரிந்தது. அந்தப் பெண் அவசரமாக என் டெலிபோன் நம்பரை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். பாட்டி என்னைத் திரும்பிக் கூடப் பார்க்கவில்லை.

ஐந்து வாரம் கழித்து ஒரு சாயங்காலம் போன் வந்தது. "டெஸ்ட் ஆச்சு அக்கா. ரெண்டு காதுமேதான்" என்றாள். குரல் உடைந்தது. பிறகு தேறிக்கொண்டு, "மிஷின் மாட்டியிருக்காங்க. ஆபரேஷனுக்கும் பதிஞ்சாச்சு" என்றாள்.

குழந்தைக்கு என்ன வயது என்று கேட்டேன். ஒரு வருஷம் ஒன்பது மாதம். மனத்துக்குள் கணக்குப் போட்டேன். என் பெண்ணுக்குத் தெரிந்ததைவிடப் பத்து மாதம் முன்னதாக. ஒரு மாதத்தில் தெரிந்திருக்க வேண்டியது, இருந்தாலும் பத்து மாதம் லாபம்.

"இரு அக்கா, ஆயா பேசணுமாம்."

நான் திட்டு வாங்கத் தயாரானேன்.

"யம்மா, அன்னிக்கு ஏதோ சொல்லிட்டேன், மனசில வெச்சுக்காதே. பையன் தொட்டிலைப் பின்கட்டுக்கு மாத்திட்டோம். இன்னிக்குத் தறியை ஓட்டினதும் என்னா பண்ணான் தெரியுமா? திடுக்குனு எழுந்து வீல்னு அழுதாம்மா! அழுதான்!"

பேரன் அழுததை இத்தனை சந்தோஷமாகச் சொன்ன பாட்டியை நான் இதற்கு முன் பார்த்ததில்லை.